மேற்குப் பார்த்த மனை, தாம்பரம்: கட்டும் முன் எனர்ஜி மாடலிங் செய்தோம், ரிப்போர்ட்டை நம்பலாமா?

நிழல்தேடி | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் தாண்டி 30க்கு 50 மனை. தெரு மேற்கே. இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி. கையில் காசு சேர்ந்த பிறகுதான் மாடி. முன்பக்கம் ஹாலும் அம்மாவின் அறையும் வருகின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளியே அதிகம் போக முடியாது. தெருவைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று கேட்டார்கள், மறுக்க மனம் வரவில்லை.

இப்போது இருப்பது குரோம்பேட்டையில் வாடகை வீடு, மொட்டை மாடிக்கு நேர் கீழே. போன மே மாதம் ஒரு ராத்திரி 10 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. ஃபேன் அந்த அனலைத்தான் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஈரத்துண்டைத் தரையில் விரித்து அதன் மேல் படுத்திருந்தார்கள். நம் வீட்டில் இது நடக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதனால்தான் பிளான் போடும்போதே ஒரு ஆலோசகரிடம் காசு கொடுத்து எனர்ஜி மாடலிங் செய்யச் சொன்னேன், அதாவது வீட்டின் பிளானைக் கம்ப்யூட்டரில் போட்டு உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது. நாற்பது பக்க ரிப்போர்ட், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். இரண்டு விஷயம் உறுத்துகிறது. மே மாதப் பகலில் ஏ.சி. போடாமலே ஹால் 26 டிகிரியைத் தாண்டாது என்கிறது. எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போடச் சொல்கிறது. அந்த ஜன்னல் கொட்டேஷன் மட்டும் என் மொத்த பட்ஜெட்டில் பெரிய துண்டைத் தின்றுவிடும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொத்தனார்மகன் | ஞாயிறு, இரவு 10:25

சார், தப்பா எடுத்துக்காதீங்க. மதுரைப் பக்கம் முப்பது வருஷமா எங்கப்பாவும் நானும் வீடு கட்டுறோம். மே மாசம் ஏ.சி. இல்லாம 26 டிகிரின்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை) போட்ட பழைய வீட்டுக்குள்ளகூட மத்தியானம் அப்படி இருக்காது. தூக்கிப் போட்டுட்டு நல்ல மேஸ்திரியா பாருங்க.

வளி | திங்கள், காலை 7:15

நான் பெங்களூரில் இந்த மாடலிங் வேலைதான் பார்க்கிறேன். கொத்தனார்மகன் அண்ணா அந்த எண்ணைச் சந்தேகப்பட்டது ரொம்ப சரி. ஆனால் மாடலிங்கையே தூக்கிப் போட வேண்டாம். உள்ளே என்ன கொடுத்தார்கள் என்று முதலில் பார்ப்போம்.

நிழல்தேடி, ரிப்போர்ட்டோடு இன்புட் ஃபைல் கொடுத்தார்களா? எனர்ஜிப்ளஸ் என்ற மென்பொருளில் செய்திருந்தால் அதில் "கிரவுண்ட் டெம்பரேச்சர்" என்று ஒரு வரி இருக்கும், தரைக்குக் கீழே உள்ள மண்ணின் வெப்பநிலை. அதில் என்ன எண் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

நிழல்தேடி | திங்கள், இரவு 8:50

கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு மாதத்துக்கும் 18.

வளி | திங்கள், இரவு 9:30

நினைத்தேன். அந்த 18 அந்த மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்ளும் எண். நாம் மாற்றவில்லையென்றால் அப்படியே நிற்கும். ஏ.சி. ஓடும் குளிர்நாட்டுக் கட்டடத்துக்கு அது ஒருவேளை பொருந்தலாம். சென்னையில் வருஷ சராசரி வெப்பநிலையே 28, 29க்குப் பக்கத்தில். மண்ணும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். உங்கள் மாடலில் 1,000 சதுர அடித் தரைக்குக் கீழே வருஷம் முழுக்க 18 டிகிரியில் ஒரு குளிர்ந்த பாறையை வைத்திருக்கிறார்கள். ஹால் 26-ல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னும் மூன்று இடம் பாருங்கள். முதலாவது ஷெட்யூல், அதாவது வீட்டில் எந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு. காலை 9 முதல் மாலை 6 வரை வீடு காலி என்று போட்டிருப்பார்கள், உங்கள் அம்மா பகல் முழுக்க அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டாவது காற்று. வெதர் ஃபைலில் (மாடலுக்குக் கொடுக்கும் ஒரு வருஷ வானிலைப் பதிவு) உள்ள காற்று விமான நிலையத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. எதிரிலும் பக்கத்திலும் வீடு இருக்கிற தெருவில் ஜன்னலுக்கு அதில் சிறு பங்குதான் வரும். மூன்றாவது, அந்த ஃபைல் "வழக்கமான வருஷம்". பல வருஷத்துப் பதிவுகளிலிருந்து மாதம் மாதமாகப் பொறுக்கிச் சேர்த்தது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி நாளை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் இதைச் செய்யச் சொல்கிறேன்? எனர்ஜிப்ளஸ் 2001-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வருஷத்தின் 8,760 மணி நேரத்தையும் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி, ஒவ்வொரு சுவரிலும் கூரையிலும் எவ்வளவு சூடு ஏறுகிறது, எவ்வளவு நேரம் கழித்து உள்ளே இறங்குகிறது என்று கணக்குப் போடுகிறது. அது சொல்லும் தனி எண்ணை நான் ஒருபோதும் நம்புவதில்லை. ஒரே வீட்டை இரண்டு விதமாக ஓட்டி, நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பேன். செங்கலா ஏ.ஏ.சி. பிளாக்கா (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள லேசான சிமென்ட் கல்) என்று, ஜன்னல் இங்கேயா அங்கேயா என்று. தப்பு இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் வித்தியாசம் பெரும்பாலும் நிற்கும். தரைக்குக் கீழே 18 டிகிரி போட்டால் மட்டும் அதுவும் நிற்காது. எல்லா மாற்றமும் பயனற்றதாகத் தெரியும், ஏனென்றால் தரையே வீட்டைக் குளிரவைத்துக்கொண்டிருக்கும்.

நிழல்தேடி | திங்கள், இரவு 11:05

ரொம்ப நன்றி மேடம். காசு போனதைவிட, இதை நம்பிக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. நானே ஓட்டிப் பார்க்கிறேன். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவன், வெப்பக் கடத்தல் புதிதில்லை.

மூணாவதுமாடி | செவ்வாய், காலை 11:20

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஃபிளாட் வாங்குகிறோம், ஐந்து மாடியில் மூன்றாவது. எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

வளி | செவ்வாய், பகல் 1:10

உங்களுக்கு மேலேயும் வீடு, கீழேயும் வீடு. கூரைக் கவலை இல்லை. படுக்கையறைச் சுவர் எந்தத் திசை, ஜன்னலுக்கு வெளியே நிழல் இருக்கிறதா, எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறக்க முடிகிறதா, இதை மட்டும் பாருங்கள். மாடல் வேண்டாம், மாலை 4 மணிக்கு ஒரு முறை போய் அந்த அறையில் நின்று பாருங்கள்.

நிழல்தேடி | சனி, இரவு 10:15

நான்கு நாள் உட்கார்ந்தேன். மாடலுக்குப் போகும் முன் கையாலேயே ஒரு கணக்குப் போட்டேன், அதை இங்கே வைக்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

2018 டிசம்பரில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட "ஈகோ நிவாஸ் சம்ஹிதா" என்ற குடியிருப்பு விதித்தொகுப்பில் ஒரு சூத்திரம் இருக்கிறது, ஆர்.இ.டி.வி. என்பார்கள். கூரையை விட்டுவிட்டு, சுவரும் ஜன்னலுமாகச் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் உள்ளே விடுகின்றன என்று பார்ப்பது. 15-ஐத் தாண்டக் கூடாது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு எழுதியது, என் மனைக்குக் கட்டாயம் இல்லை. முழு வீட்டுக்கும் போட வேண்டிய கணக்கு அது. புரிந்துகொள்வதற்காக அம்மா அறையின் மேற்குச் சுவருக்கு மட்டும் போட்டேன்.

சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் உள்ள ஊருக்கு அந்தச் சூத்திரத்தில் மூன்று பெருக்கெண்கள். சுவர் வழியாக வரும் சூட்டுக்கு 5.15. கண்ணாடி கடத்தும் சூட்டுக்கு 1.31. கண்ணாடி வழியாக நேராக உள்ளே விழும் வெயிலுக்கு 65.21. இந்த மூன்றாவது எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். திசைக்கும் ஒரு பெருக்கெண் உண்டு: நம் அட்சரேகையில் வடக்குக்கு 0.659, மேற்குக்கு 1.156, கிழக்குக்கும் கிட்டத்தட்ட அதே 1.155.

சுவர் மொத்தம் 10.8 சதுர மீட்டர், அதில் ஜன்னல் 2.2. ஒன்பது இன்ச் செங்கல் சுவர், பூச்சோடு யு மதிப்பு (சூட்டை எவ்வளவு கடத்துகிறது என்ற எண், குறைந்தால் நல்லது) சுமார் 2. சாதா ஒற்றைக் கண்ணாடி. போட்டால் 23.9 வருகிறது. சுவரில் ஐந்தில் ஒரு பங்குதான் ஜன்னல், ஆனால் உள்ளே வரும் சூட்டில் ஐந்தில் மூன்று பங்கு அதன் வழியாக.

ரிப்போர்ட் சொன்ன இரட்டைக் கண்ணாடி போட்டால்: 21.4.
கண்ணாடியைத் தொடாமல் செங்கலுக்குப் பதில் எட்டு இன்ச் ஏ.ஏ.சி. பிளாக்: 18.
செங்கல் அப்படியே, சாதா கண்ணாடியும் அப்படியே. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டு வெயில் பாதியாகக் குறைகிறது என்று வைத்தால்: 17.4.
ஏ.ஏ.சி.யும் தட்டியும் சேர்ந்தால்: 11.5.

பெரிய கொட்டேஷன் 2.5 குறைக்கிறது, மூங்கில் தட்டி 6.5 குறைக்கிறது. அந்தத் தட்டியை என் பாட்டி வீட்டுத் திண்ணையில் பார்த்திருக்கிறேன். மாலை மூன்று மணிக்குத் தண்ணீர் தெளித்து இறக்கிவிடுவார்கள்.

கொத்தனார்மகன் | சனி, இரவு 10:50

சார், இது எனக்குப் புரியுது. இப்படிச் சொன்னா யாருக்கும் புரியும். ஆனா மேற்குல ரெண்டடி சன்ஷேடு போடுறோமே, அதைக் கணக்குல சேர்க்கலையே?

நிழல்தேடி | சனி, இரவு 11:30

சேர்த்துப் பார்த்தேன் அண்ணா. மார்ச் கடைசியில் மாலை 4:15 மணிக்குச் சூரியன் இங்கே அடிவானத்துக்கு மேலே 29 டிகிரியில் நிற்கும். அந்தச் சாய்வில் இரண்டடி சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஓரடிதான் இறங்குகிறது. நான்கடி ஜன்னலில் மீதி மூன்றடி முழு வெயில். பகல் இரண்டரை மணி வரை நன்றாகக் காப்பாற்றும், அதற்குப் பிறகு சூடு வருவதே அதன் அடியில் புகுந்துதான். தெற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு அருமையான ஏற்பாடு. மேற்குக்கு ஜன்னலின் முகத்தையே மறைக்கிற ஏதாவது வேண்டும்.

நேற்று மாலை இதை நேரிலேயே பார்த்தேன். எதிர்வீட்டு மேற்கு ஜன்னலில் நிழல் விளிம்பு எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் அரை மணிக்கு ஒரு கோடு போட்டேன். கணக்கும் கோடும் நான்கு விரல் வித்தியாசத்தில் ஒத்துப்போயின. எதிர்வீட்டுக்காரரும் கூடவே நின்று பார்த்துவிட்டு, தட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

பனிக்காடு | ஞாயிறு, காலை 6:05

வணக்கம். நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். இஞ்சை வீடு திருத்தேக்க எனர்ஜி ஓடிட் செய்தவை. ஹொட்2000 எண்டு அரசாங்கத்தின்ர மென்பொருள், அதில எங்கட வீட்டைப் போட்டுக் காட்டினவை. முன்கதவில ஒரு பெரிய ஃபானைப் பூட்டி, வீட்டுக்குள்ள இருந்து காத்தை உறிஞ்சி எங்கெங்கை ஓட்டை எண்டும் பார்த்தவை. பிளக் பொயின்ருக்குப் பக்கத்தில கையை வைக்கக் குளிர் காத்து ஊசி மாதிரிக் குத்திச்சுது. எல்லாத்தையும் அடைச்சு, மேல் கூரையில தடிப்பா இன்சுலேஷன் போட்டாப் பிறகு காஸ் பில் நல்லாக் குறைஞ்சிட்டுது.

இப்ப யாழ்ப்பாணத்தில அம்மா அப்பாவுக்கு வீடு கட்டுறம். ஜேர்மனியில 1991-ல டார்ம்ஸ்ராட்டில கட்டின பசிவ் ஹவுஸ் முறையைப் பற்றிக் கனக்க வாசிச்சனான். காத்து பூராத வீடு, 50 பஸ்கால் அழுத்தத்தில மணித்தியாலத்துக்கு 0.6 தடவைக்கு மேல காத்து மாறக் கூடாதாம். அதே மாதிரி யாழ்ப்பாணத்திலயும் செய்யலாமோ?

வளி | ஞாயிறு, காலை 9:40

பனிக்காடு அண்ணா, அந்த முறை வந்த இடத்தை முதலில் பாருங்கள். குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்று வையுங்கள். 30 டிகிரி வித்தியாசம். ஓட்டை வழியாகப் போகும் ஒவ்வொரு மூச்சுக் காற்றும் காசு. யாழ்ப்பாணத்தில் ராத்திரி வெளியே 27, உள்ளே 31 என்றால் வெளிக்காற்று உங்கள் நண்பன். அப்பா அம்மா ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனில் தூங்குகிறவர்களாக இருந்தால் காற்றுப் புகாத வீடு அவர்களுக்குத் தண்டனை.

ஏ.சி. போடுவதாக இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மாடலிங் செய்கிறவர்களே பலர் தவறவிடுவது. ஏ.சி. இரண்டு வேலை செய்கிறது: சூட்டை எடுக்கிறது, ஈரத்தை எடுக்கிறது. நீங்கள் இன்சுலேஷனைக் கூட்டக் கூட்டச் சூடு குறைகிறது, ஈரம் குறைவதில்லை. அது கடலோரக் காற்றிலும் நம் மூச்சிலும் சமையலிலும் குளியலிலும் இருந்து வருகிறது. பழைய கணக்கில் ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி மாட்டினால் பத்து நிமிடத்தில் அறை குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கும். அறை குளிர்ச்சியாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், அலமாரிக்குள் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். அதனால் நல்ல வீட்டுக்குச் சின்ன ஏ.சி. போதும், இன்வெர்ட்டர் வகை என்றால் நல்லது.

யாழ்ப்பாணத்துக்கு என் பரிந்துரை: மேல் இன்சுலேஷனை மட்டும் கனடாவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்தத் தடிப்பு வேண்டாம். மீதியை அங்கேயுள்ள பழைய நாற்சார் வீடுகளில் பாருங்கள்: நடுமுற்றம், சுற்றி விறாந்தை, தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை.

பனிக்காடு | ஞாயிறு, காலை 9:58

நன்றி தங்கச்சி. அப்பா விறாந்தை வேணும் எண்டு ஒரே பிடியா நிண்டவர், நான்தான் பிளானில வெட்டினனான். இண்டைக்கே ஃபோன் எடுத்துச் சொல்லுறன்.

கொத்தனார்மகன் | ஞாயிறு, பகல் 12:30

சுவரையும் ஜன்னலையும் பேசியாச்சு. தரைத்தளம் மட்டும்னா கூரைதானே பெரிய அடுப்பு? அதுக்கு என்ன செய்யப் போறீங்க சார்?

நிழல்தேடி | ஞாயிறு, இரவு 9:15

அதைத்தான் இந்த வாரம் மாடலில் ஓட்டினேன். முன்னே மாடலிடம் நான் கேட்ட கேள்வியே சரியில்லை. "வருஷத்துக்கு எத்தனை யூனிட்" என்று கேட்டிருந்தேன். இப்போது வேறு கேட்கிறேன்: அம்மா அறையில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை, ஏ.சி. இல்லாமல், 30 டிகிரிக்கு மேல் எத்தனை மணி நேரம்? வருஷத்தில் அப்படி 2,920 ராத்திரி மணி நேரம் இருக்கிறது. காற்றின் வெப்பநிலையை மட்டும் எடுக்காமல், சீலிங்கும் சுவரும் வீசும் சூட்டையும் சேர்த்து எடுக்கிற எண்ணைப் பார்த்தேன். ஸ்டூல் மேல் ஏறிக் கை வைத்த ராத்திரி நான் உணர்ந்தது அந்த இரண்டாவது சூடுதான்.

கூரையின் கணக்கும் ஒரு பாடம். ஆறு இன்ச் வெறும் கான்கிரீட் சிலாப்பின் யு மதிப்பு சுமார் 3.3. அதே விதித்தொகுப்பு கூரைக்கு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மேலே ஒரு இன்ச் எக்ஸ்.பி.எஸ். போர்டு (சூட்டைத் தடுக்கும் கெட்டியான ஃபோம் பலகை) போட்டால் 1-க்கு வந்துவிடுகிறது. இரண்டு இன்ச் போட்டால் 0.6. முதல் இன்ச் 2.3 குறைக்கிறது, இரண்டாவது இன்ச் 0.4 மட்டும். மூன்றாவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ராத்திரி மணிக்கணக்கிலும் அதே கதைதான்: முதல் இன்சும் வெள்ளை ஓடும் சேர்ந்து பெரிய சரிவைக் கொடுக்கின்றன, அதற்கு மேல் போடுவது அவ்வளவாகத் தெரியவில்லை. நம் பழைய செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தையும் ஓட்டினேன். அது சூட்டைக் குறைப்பதைவிடத் தள்ளிப்போடுகிறது. பகல் சூடு படுக்கப்போகும் நேரத்துக்கு வந்து சேர்கிறது.

ஜன்னலைப் பகல் 11 முதல் 5 வரை மூடி, மாலை ஆறரைக்கு மேல் திறந்து வைப்பதாக ஷெட்யூல் மாற்றினேன். பெரிய செலவில்லாத மாற்றம், கூரைக்கு அடுத்தபடியாக இதுதான் அதிகம் கொடுத்தது. கொசுவலை போட்ட ஷட்டர் இல்லாமல் இது நடக்காது என்பதால் வலையைப் பட்ஜெட்டில் சேர்த்துவிட்டேன்.

கொத்தனார்மகன் | ஞாயிறு, இரவு 9:50

ஒரு விஷயத்தை யாரும் சொல்லலை. நாளைக்கு மாடி எடுப்பீங்க. மேல போர்டு போட்டு, வெதரிங் கோர்ஸ் (மழையும் வெயிலும் தாங்குற மேல்தளம்) போட்டு, ஓடு ஒட்டினா, அன்னைக்கு எல்லாத்தையும் உடைக்கணும். அதனால மாடிச் சுவர் வரப்போற வரிசையை இப்பவே பிளான்ல குறிச்சு, அந்தப் பீமுக்கு மேல மட்டும் போர்டு போடாம கான்கிரீட்டை விட்டுடுங்க. மத்த இடத்துல போர்டு தரைக்கு அடியில அப்படியே கிடக்கட்டும்.

இன்னொண்ணு, போர்டு போடுற அன்னைக்கு நீங்க சைட்ல நில்லுங்க. வெயில்ல சித்தாளுக வேகமா விரிச்சிட்டுப் போவாங்க, போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுல விரல் நுழையும். முதல்ல வாட்டர் ப்ரூஃபிங், ரெண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் போர்டு. ஏ.ஏ.சி. பிளாக்கும் தூணும் சேர்ற இடத்துல சிக்கன் மெஷ் (மெல்லிசான கம்பி வலை) அடிக்காம பூச விடாதீங்க, ஆறு மாசத்துல நேர்கோட்டுல வெடிக்கும். இதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல தெரியுமா தெரியாது.

வளி | ஞாயிறு, இரவு 10:20

தெரியாது அண்ணா. போர்டு இடைவெளி இல்லாமல் இருப்பதாகத்தான் மாடல் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன அந்தப் பீம் வரிசைகளை மட்டும் மாடலில் தனிப் பரப்பாக வரையலாம், அது வழியாகச் சூடு இறங்கும் அளவு தெரியும். நிழல்தேடி, அதைச் செய்துவிட்டுச் சொல்லுங்கள். இந்த இழையில் நான் கற்றுக்கொண்டது அது; என் அடுத்த வீட்டுக்கு இதே கேள்வியைக் கட்டுகிறவரிடம் முதலில் கேட்பேன்.

நிழல்தேடி | நான்கு மாதம் கழித்து, வெள்ளி, இரவு 8:30

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

பீம் வரிசைகளைத் தனியாக வரைந்தேன். கொஞ்சம் கூடியது, திட்டத்தை மாற்றும் அளவுக்கு இல்லை. ஒரு வரிசை மட்டும் அம்மா கட்டிலுக்கு நேர் மேலே வந்தது, கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டோம். ஜன்னலைக் கொஞ்சம் சிறிதாக்கினோம், நான்குக்கு நான்கு. படிக்கட்டும் பாத்ரூமும் முன்னே வடக்கே இருந்தன. அவற்றை மேற்குப் பக்கம் ஹாலுக்கு முன்னால் கொண்டுவந்தோம், வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். இரட்டைக் கண்ணாடி எங்கும் இல்லை. அந்தக் காசில் கூரை போர்டும், வெள்ளை ஓடும், நான்கு அறைக்கும் 75 வாட்டுக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனும் வந்துவிட்டன, மீதியும் இருக்கிறது.

போர்டு போட்ட அன்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சைட்டில் நின்றேன். கொத்தனார்மகன் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. பதினேழு இடத்தில் இடைவெளி. டேப் ஒட்ட வைத்த பிறகுதான் கலவை ஏற்றவிட்டேன்.

பூச்சு வேலை நடக்கிறது. அம்மா அறை சீலிங்கில் வெப்பநிலையைத் தானாகப் பதியும் ஒரு லாகரும், போர்டு போடாத போர்ட்டிகோ சிலாப்பின் அடியில் ஒன்றும் கட்டியிருக்கிறேன், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிகிற வகை. நேற்று ராத்திரி 10 மணிக்குப் போர்ட்டிகோவில் 37.5, அறையில் 31. மாடல் அந்த அறைக்கு 30 சொல்லியிருந்தது. ஜன்னல் ஷட்டர் இன்னும் மாட்டவில்லை, பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது, அதனால்தானா என்று பார்க்க வேண்டும். வளி மேடம், லாகர் ஃபைலை அனுப்புகிறேன், ஷட்டர் மாட்டுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தையும் பிந்தைய இரண்டு வாரத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டுச் சொல்கிறீர்களா?

அம்மா நேற்று வந்தார்கள். பூச்சு ஈரம் காயாத அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எங்கேயோ தேடி வாங்கிவந்த மூங்கில் தட்டியை ஜன்னலில் பிடித்துப் பார்த்து, இரண்டு விரற்கடை நீளம் குறைகிறது என்றார்கள். நாளைக்கு மாற்றி வாங்க வேண்டும்.